ஜன்னல் ஓரத்துத் தட்டு

போன சித்திரையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் 12 மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே எல்லா ஜன்னலுக்கும் கனமான திரை. சித்தி மகள் அரைக்கீரை ஆய்ந்துகொண்டே திடீரென்று கேட்டாள்: "அக்கா, அந்த மீனுக்குள்ள இருக்கிறதை இவனுக்குக் குடுக்க முடியாதா?"

இவன் என்றது அவள் மகனை. ஆறு வயது. நடுவீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு நோட்டில் பஸ் வரைந்துகொண்டிருந்தான். அவனுக்கு இருக்கும் நோயின் பெயர் சீரோடெர்மா பிக்மென்டோசம். வெயில் தோலில் செய்யும் சேதத்தை அவன் உடம்பால் சரிசெய்துகொள்ள முடியாது. மீனால் முடியும் என்று முன்பு ஒரு தடவை அவளிடம் சொல்லியிருந்தேன். போன வருடம் மூக்கின் மேல் ஒரு சின்னக் கட்டியை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான். ஐந்து வயதில்.

அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, மாமா சாப்பிட வந்துவிட்டார், பேச்சு மாறிவிட்டது. ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை நிதானமாக இங்கே எழுதுகிறேன். இதே போல் பிள்ளை வைத்திருக்கிற வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

முதலில் மீன் கதை. நான் ஒன்பது வருடமாக மீன் செல்களை வளர்க்கும் வேலையில் இருக்கிறேன். கெண்டை மீனின் துடுப்பிலிருந்து எடுத்த செல்களை பிளாஸ்டிக் ஃபிளாஸ்கில் போட்டு, மீடியா என்ற ஊட்டக் கரைசலும் ரத்தத்திலிருந்து எடுத்த சீரமும் ஊற்றி, 28 டிகிரியில் வைத்து வளர்ப்போம். வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம், புற ஊதாக் கதிரை இந்தச் செல்கள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கச் சொன்னார்கள். செய்முறை சுலபம்தான். தட்டில் இருக்கும் சிவப்பு மீடியாவை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கதிரை அதுவே குடித்துவிடும். உப்புக் கரைசலில் ஒரு தடவை அலசி, மூடியைத் திறந்து, கிருமி கொல்லும் விளக்கின் அடியில் சில நொடி வைக்க வேண்டும். அப்புறம் புது மீடியா ஊற்றி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். கடைசியில் கிரிஸ்டல் வயலட் சாயத்தை ஊற்றிக் கழுவினால் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள் மட்டும் ஊதாவாகத் தெரியும்.

12 தட்டு வைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கு, ஒரே நொடிக்கணக்கு. ஒரு வாரம் கழித்துச் சாயம் ஊற்றினால் ஆறு தட்டு கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி காலி. மீதி ஆறு தட்டில் அடி முழுக்க ஊதா. திரும்பச் செய்தேன், அதே கதை. மூன்றாவது தடவையும் அதே. விளக்கைச் சந்தேகப்பட்டேன், சீரத்தைச் சந்தேகப்பட்டேன், என் கையைச் சந்தேகப்பட்டேன்.

எங்கள் ஆய்வக மேடம் வந்தார். தட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கதிர் குடுத்த அப்புறம் இதையெல்லாம் எங்கம்மா வச்ச?" என்று கேட்டார். ஆறு தட்டு நேராக இன்குபேட்டருக்குள், அதாவது செல்களை 28 டிகிரியில் வைக்கும் பெட்டிக்குள், போயிருந்தது. உள்ளே இருட்டு. இன்னொரு டிரேயை, இடமில்லாமல், கிழக்கு ஜன்னல் ஓரத்து மேஜையில் ஒரு மணி நேரம் போல வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே. அடுத்த முறை ஜன்னலுக்குக் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டிவிட்டுச் செய்தேன். 12 தட்டும் ஒரே மாதிரி காலியாக வந்தது.

காலை வெளிச்சம் செத்துக்கொண்டிருந்த செல்களைக் காப்பாற்றியிருக்கிறது. அன்று மாலை வரைக்கும் அந்த இரண்டு வகைத் தட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதே ஜன்னலில் என்னைவிடப் பெரிய ஆட்கள் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்று மேடம்தான் சொன்னார். அமெரிக்காவில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிருக்குப் புற ஊதாக் கதிர் கொடுத்துக்கொண்டிருந்தார். பிழைப்பவற்றின் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் தாறுமாறாக வந்தது. வெப்பநிலைதான் காரணம் என்று அதன் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் பார்த்தால், அவருடைய கண்ணாடி முகப்பு வைத்த தண்ணீர்த் தொட்டி ஜன்னல் பக்கம் இருந்தது. 1949-இல் அதை வெளியிட்டார். அதே வருடம் இண்டியானாவில் ரெனாட்டோ டல்பெக்கோ, அடுக்கி வைத்த தட்டுகளில் குழல் விளக்குக்குப் பக்கத்தில் இருந்த மேல் தட்டில் மட்டும் வைரஸ்கள் அதிகம் பிழைப்பதைக் கவனித்தார்.

சரி, அந்த வெளிச்சம் என்னதான் செய்கிறது? அதற்கு முன்னால் கதிர் செய்யும் சேதத்தைச் சொல்ல வேண்டும்.

டிஎன்ஏ இரண்டு இழை கொண்டது. ஒவ்வொரு இழையிலும் நான்கு வகை எழுத்துகள் வரிசையாகக் கோத்திருக்கும். அதில் ஒன்று தைமின். ஒரே இழையில் இரண்டு தைமின் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, அங்கே புற ஊதாக் கதிர் பட்டால், எதிர் இழையைப் பார்த்து நிற்க வேண்டியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜிப்பில் அடுத்தடுத்த இரண்டு பல் ஒட்டிப்போனால் கொக்கி அங்கே வந்து சிக்கிக்கொள்ளும் இல்லையா, அது மாதிரி. டிஎன்ஏவைப் படியெடுக்க வரும் நொதி அங்கே திணறும், அல்லது தப்பான எழுத்தை வைத்துவிட்டுப் போகும். 1960-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பியூகர்ஸ், பெரெண்ட்ஸ் என்ற இருவர் தைமின் கரைசலை ஐஸாக உறைய வைத்துக் கதிர் கொடுத்து, இந்த ஜோடியைப் பிடித்தார்கள். சைட்டோசின் என்ற இன்னொரு எழுத்தும் இப்படி ஒட்டும். ஆய்வகத்து விளக்கின் 254 நானோமீட்டர் கதிர் சூரியனிலிருந்து தரைக்கு வந்து சேர்வதில்லை, ஓசோன் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதைத் தாண்டி வரும் கதிரே போதும். நல்ல வெயிலில் நின்றால் ஒரு தோல் செல்லுக்குள் இந்த மாதிரி ஒட்டல்கள் ஆயிரக்கணக்கில் விழும்.

மீனிடம் இதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஃபோட்டோலையேஸ் என்ற நொதி. ஒட்டிய ஜோடி இருக்கும் இடத்தில் இருட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்து காத்திருக்கும். நீல வெளிச்சம் ஒரு துளி வந்து பட்டதும், தன்னிடமிருந்து ஒரு எலக்ட்ரானை எடுத்து அந்த ஜோடிக்குக் கொடுக்கும். ஒட்டல் பிரிந்துவிடும், எலக்ட்ரான் திரும்பி வந்துவிடும். நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு எழுத்தும் வெட்டப்படவில்லை, ஒரு எழுத்தும் புதிதாக வைக்கப்படவில்லை. என் ஜன்னல் ஓரத்துத் தட்டில் நடந்தது இதுதான்.

அந்த நொதி எலக்ட்ரானைக் கொடுப்பதற்குத் தன் மடியில் வைத்திருக்கும் சின்ன மூலக்கூறு வைட்டமின் பி2-இலிருந்து வருவது. நம் வீட்டில் தயிர் பிரிந்தால் மேலே மஞ்சளும் பச்சையுமாக ஒரு தண்ணீர் நிற்கும் பாருங்கள், அந்த நிறம் பி2-இன் நிறம்தான். தங்கையிடம் இதைச் சொன்னபோது அவள் உடனே, "அப்ப மோர் நிறையக் குடுத்தா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. வைட்டமின் நம் உடம்பில் இருக்கிறது. அதைப் பிடித்து வேலை வாங்கும் ஃபோட்டோலையேஸ் மனிதனிடம் இல்லை.

அவனிடம் மட்டும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். யாரிடமும் இல்லை. மீன், தவளை, பறவை, கங்காரு எல்லாவற்றிடமும் உண்டு. நஞ்சுக்கொடியோடு குட்டி போடும் நம் வகைப் பாலூட்டிகள் மட்டும் இதைத் தொலைத்துவிட்டன. டைனோசர் காலத்தில் நம் முன்னோர்கள் பகலெல்லாம் பதுங்கி இரவில் திரிந்த சின்னப் பிராணிகள். வெயிலே படாததால் இந்தக் கருவி தேய்ந்து போயிருக்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. சோமாலியாவில் பூமிக்கடியில் இருட்டிலேயே வாழும் கண்ணில்லாத மீன் ஒன்று உண்டு. அதுவும் வெளிச்சத்தால் பழுது பார்க்கும் திறனை இழந்துவிட்டது என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. எனக்கு அந்தக் கருத்தில் நம்பிக்கை வந்தது அதைப் படித்த பிறகுதான்.

இந்த நொதி இருக்கும் பிராணிகளிலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இல்லை. அமெரிக்காவின் ஆரிகன் மலைகளில் தவளை முட்டைகளை வைத்து ஆண்ட்ரூ பிளாஸ்டைனும் கூட இருந்தவர்களும் செய்த வேலை 1994-இல் வந்தது. ஆழமில்லாத தண்ணீரில் திறந்த வெயிலில் முட்டையிடும் இனங்கள் அவை. ஃபோட்டோலையேஸ் அதிகமுள்ள மரத்தவளையின் முட்டைகள் நன்றாகப் பொரிந்தன. குறைவாக உள்ள தேரையின் முட்டைகளில், புற ஊதாவை வடிகட்டும் தடுப்பு வைத்தால்தான் கூடுதலாகப் பொரிந்தன.

அப்படியென்றால் நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம்? நம்மிடம் வேறு வழி இருக்கிறது. நீளமான வழி, ஆனால் வெளிச்சம் வேண்டாம், நள்ளிரவிலும் நடக்கும். ஒட்டிய இடத்தை இரண்டு பக்கமும் வெட்டி, துண்டோடு தூக்கி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதும் வழி.

அதில் முதல் ஆள் எக்ஸ்பிசி என்ற புரதம். அது ஒட்டிய எழுத்தைத் தேடுவதில்லை. இழைகள் ஒன்றையொன்று சரியாகப் பிடிக்காமல் தளர்ந்து நிற்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடிக்கும். தைமின் ஜோடி இழையை அவ்வளவாக வளைக்காது என்பதால் எக்ஸ்பிசியின் கைக்கு அது எளிதில் தட்டுப்படாது. அங்கே எக்ஸ்பிஇ என்ற இன்னொருவர் போய்ப் பிடித்துக் கொடுப்பார். அப்புறம் எக்ஸ்பிபி, எக்ஸ்பிடி இரண்டும் இழைகளைப் பிரித்துத் திறக்கும். எக்ஸ்பிஏ வந்து இதுதான் இடம் என்று உறுதி செய்யும். எக்ஸ்பிஎஃப் ஒரு பக்கம், எக்ஸ்பிஜி மறுபக்கம் என்று இரண்டு கத்தரிகள். இரண்டே எழுத்து ஒட்டியதற்கு, ஏறத்தாழ 30 எழுத்து நீளத் துண்டை வெட்டி எடுப்பார்கள். பிறகு இடைவெளியை நிரப்பி, கடைசி முனையை ஒட்ட வேண்டும். இத்தனை பேர் சேர்ந்து செய்வதால் நேரமும் பிடிக்கும்: கதிர் பட்டு ஒரு நாள் ஆன பிறகும் நம் செல்லில் தைமின் ஜோடிகளில் பாதி போல மிச்சமிருக்கும்.

இந்த வெட்டும் வேலையைப் பாக்டீரியாவிலும் பிறகு மனித செல்லிலும் விளக்கியவர்களில் முக்கியமானவர் அஜீஸ் சான்ஜார். துருக்கியின் சாவூர் என்ற சிற்றூரில் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர், டாக்டருக்குப் படித்தவர். அமெரிக்கா போய் முதலில் கையில் எடுத்தது ஃபோட்டோலையேஸைத்தான். 2015-இல் வேதியியல் நோபல் பரிசு மூன்று பேருக்குப் போனது, அதில் ஒருவர் இவர்.

மேலே சொன்ன பெயர்களில் எல்லாம் எக்ஸ்பி என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது நம் பையனுடைய நோயின் பெயர்ச் சுருக்கம். இந்தப் புரதங்களுக்குப் பெயர் இந்தப் பிள்ளைகளிடமிருந்து வந்தது.

வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி இந்த நோயை 1870-களிலேயே எழுதி வைத்தார். காரணம் தெரிய கிட்டத்தட்ட நூறு வருடம் ஆனது. சான்பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர், பழுது பார்க்கத் தெரியாத மனித செல் எங்காவது கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, செய்தித்தாளில் இந்த நோயைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தார். தோல் மருத்துவர்களைக் கேட்டு நோயாளிகளின் தோல் செல்களை வாங்கினார். கதிர் கொடுத்து, தைமின் எழுத்தைக் கொண்ட தைமிடின் என்ற பொருளில் கதிரியக்கம் ஏற்றி ஊற்றினார். பழுது பார்க்கும் செல் அதை எடுத்து இடைவெளியில் வைக்கும், வைத்த இடம் ஃபிலிமில் கறுப்புப் புள்ளியாக விழும். நல்ல செல்லின் கருவில் புள்ளிகள் மணல் தூவியது போல் இருந்தன. நோயாளிகளின் செல்லில் அவை மிகக் குறைவு. 1968-இல் இது வெளிவந்தது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1972-இல் ராட்டர்டாமில் டிர்க் போட்ஸ்மாவின் குழு, இரண்டு வெவ்வேறு நோயாளிகளின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே செல்லாக்கினார்கள். இருவருடைய செல்லுக்கும் தனியாகப் பழுது பார்க்கத் தெரியாது. ஒட்டிய செல்லுக்குத் தெரிந்தது! ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருந்திருக்கிறது. அப்படியே ஒட்டி ஒட்டிப் பார்த்து ஏ முதல் ஜி வரை ஏழு வகை இருப்பது தெரியவந்தது. வேறு மாதிரியான எட்டாவது வகை ஒன்றும் உண்டு.

நம் பையனுக்கு வந்திருப்பது எக்ஸ்பிசி. முதல் ஆளே இல்லை.

இதனால் ஒரு விசித்திரம். அவனுக்கு வெயிலில் போனால் கொப்புளம் வந்ததே கிடையாது. இரண்டு வயதில் கன்னத்திலும் மூக்கிலும் எள் தூவின மாதிரி கரும்புள்ளிகள் வந்தன, கண் கூசியது, அவ்வளவுதான். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் வெயில் அலர்ஜி என்று சொல்லி இரண்டு வருடம் களிம்பு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்த இரண்டு வருடமும் பிள்ளை தெருவில் விளையாடினான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

கொப்புளம் வராததற்குக் காரணம் உண்டு. செல் அந்த நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மரபணுக்களுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. அவற்றைப் படித்துக்கொண்டு போகும் இயந்திரமே ஒட்டிய இடத்தில் முட்டி நின்று ஆள் கூப்பிடும். அதற்கு எக்ஸ்பிசி தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டில் பிலிப் ஹனவால்ட்டின் குழு 1980-களில் இதைக் கண்டுபிடித்தது. அந்த வேலை நம் பையனின் செல்லில் ஒழுங்காக நடக்கிறது, அதனால் செல்கள் உடனே சாவதில்லை, தோல் வெந்து போவதில்லை. பயன்பாட்டில் இல்லாத மீதி டிஎன்ஏதான் பழுதோடு கிடக்கிறது. செல் பெருகும்போது அந்தப் பழுது எழுத்துப் பிழையாக மாறிவிடுகிறது. வெயில் போட்ட பிழைக்குத் தனிக் கையெழுத்தே உண்டு: அடுத்தடுத்த இரண்டு சைட்டோசின் இருந்த இடத்தில் இரண்டு தைமின். தோல் புற்றுகளில் பி53 என்ற காவல் மரபணுவில் அந்தக் கையெழுத்து இருப்பதை 1991-இல் பார்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கை கட்டியிருப்பது எங்கள் கடைசி மாமாவை. பையனுக்கு நோய் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் அவளைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். அம்மா, அப்பா இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டும் சேரும். சொந்தத்தில் கட்டும்போது ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது, அது உண்மை. ஆனால் இந்தக் கல்யாணத்தை நிச்சயம் செய்தவர்கள் பெரியவர்கள். 19 வயதுப் பெண்ணிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அடுத்த பிள்ளை பற்றி யோசிக்கும் முன் மரபணு ஆலோசனைக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும், மாமாவும் கட்டாயம் போக வேண்டும். இதை மாமாவிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது அவள் கேள்விக்கு வருகிறேன். மீனிடம் இருப்பதை அவனுக்குக் கொடுக்க முடியாதா? ஃபோட்டோலையேஸுக்கு எக்ஸ்பிசி வேண்டாம், யாருமே வேண்டாம், வெளிச்சம் போதும். அதனால் கேள்வி சரியான கேள்வி. எலியிடம் செய்து பார்த்துவிட்டார்கள். அதே ராட்டர்டாமில், பொட்டரூ என்ற சின்னக் கங்காரு இனத்தின் ஃபோட்டோலையேஸ் மரபணுவை எலிக்குள் வைத்தார்கள். அந்த எலிகளுக்குப் புற ஊதாவும் பிறகு வெளிச்சமும் கொடுத்தபோது தோல் கட்டிகள் மற்ற எலிகளைவிடத் தெளிவாகக் குறைந்தன. 2005-இல் வந்த ஆய்வு அது. ஆனால் அது பிறக்கும் முன்பே மரபணு ஏற்றிய எலி. ஆறு வயதுப் பையனின் தோல் முழுக்க அப்படி ஏற்ற இன்றைக்கு வழியில்லை.

களிம்பாகக் கொடுப்பதையும் முயன்றிருக்கிறார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸிடம் ஒட்டிய ஜோடியை வெட்டத் தொடங்கும் ஒரு சின்ன நொதி இருக்கிறது. அதைக் கொழுப்புக் குமிழ்களில் அடைத்து லோஷனாக்கி, இந்த நோயுள்ள 30 பேரை வைத்து ஒரு வருடம் சோதித்தார்கள். சிலருக்கு வெறும் லோஷன். நொதி கலந்ததைத் தடவியவர்களுக்குப் புற்றுக்கு முந்தைய புள்ளிகள் புதிதாக வருவது மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. இது 2001-இல் வெளிவந்தது. இதை நம்பித் திரையை விலக்கிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாதை அடைத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்கிறேன். இணையத்தில் டிஎன்ஏ ரிப்பேர் கிரீம் என்று போட்டு விற்பதை எல்லாம் வாங்காதே தங்கச்சி, டாக்டரைக் கேட்காமல் ஒன்றையும் அவன் முகத்தில் தடவாதே.

இப்போதைக்கு நம்மால் முடிந்தது கதிர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது. முழுக்கை, தொப்பி, பக்கமும் மூடிய கண்ணாடி, சன்ஸ்கிரீன், வெயில் படாததால் வைட்டமின் டி மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தோல் டாக்டர். உதட்டையும் நாக்கு நுனியையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அங்கேயும் வரும்.

அந்தச் சித்திரைப் பயணத்தில் நான் ஒரு புற ஊதா மீட்டர் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஜன்னல் கண்ணாடிகளுக்கு ஏற்கெனவே புற ஊதாவைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டியிருந்தார்கள், அங்கே எண் ஏறவில்லை. வாசல் பக்கம் சரி, கொல்லைப் பக்கம் சரி. அவன் படம் வரையும் நடுவீட்டில் மீட்டரை நீட்டினால் எண் ஏறுகிறது. எனக்குப் புரியவில்லை. அண்ணாந்து பார்த்தேன். ஓட்டுக் கூரையில், வெளிச்சத்துக்காகத் தாத்தா காலத்தில் பதித்த ஒரு கண்ணாடி ஓடு. எல்லா ஜன்னலையும் மூடிவிட்டதால் வீட்டில் வெளிச்சமான இடம் அது ஒன்றுதான். அதனால்தான் அவன் தினமும் அங்கேயே வந்து படுத்துக்கொண்டு வரைந்திருக்கிறான். தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் குறுகிய அலை புற ஊதாவைக் கண்ணாடி தடுத்துவிடும், நீண்ட அலை புற ஊதாவை நிறையவே உள்ளே விட்டுவிடும்.

மாமா அன்று சாயங்காலமே ஏணி போட்டு ஏறி அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு மண் ஓடு வைத்தார். நடுவீடு இருண்டு போனது. பையன் அழுதான். கடைக்கு ஓடிப்போய் இரண்டு எல்இடி விளக்கு வாங்கி வந்து, அவன் தலைக்கு மேலே மாட்டினோம். போட்டதும் மீட்டரை அவன் கையிலேயே கொடுத்தேன். பூஜ்யம். விளக்கை அணைத்து, திரும்பப் போட்டு, நாற்காலி மேல் ஏறி விளக்குக்குக் கிட்டத்தில் பிடித்து, மூன்று தடவை பார்த்தான். அப்புறம் இறங்கி வந்து, பாதியில் விட்ட பஸ்ஸுக்குச் சக்கரம் போட ஆரம்பித்தான்.